கம்பெனிப் பெட்டிக்குள் என் ஓடிபி

“ஓசி நெட்டுல எம்.எஸ்ஸி.க்கு எழுதிப் போடப் போறாளாம்! நடக்கிற காரியமா இது? பேசாம உங்ககூட கம்பெனி வேன்ல ஏறச் சொல்லுங்க” என்று என் அத்தை எனக்கு எதிரிலேயே அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டமும் வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சமெல்லாம் நெட்டுக்கு அலைவதில்தான்.

வீட்டில் ரீசார்ஜ் போடுவது அம்மாவின் போனுக்கு மட்டும். என்னிடம் இருந்தது சிம் இல்லாத பழைய போன். அம்மாவுக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அங்கே போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அணைத்து, வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு உரிய அன்றன்றைய டேட்டா பகல் முழுக்க ஒரு மரப்பெட்டிக்குள் தூங்கும். எனக்கு மிஞ்சியது காலையில் வேன் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம். பாட வீடியோ முக்கால்வாசி இறங்கியிருக்கும்போது ஹாரன் அடிப்பார்கள்.

“போனக் குடுட்டி, வேன் வந்துருச்சு!”

“அங்கன போயி அமத்தித்தான வைக்கப் போற? வீட்டுல வச்சிட்டுப் போனா என்ன?”

“எங்கிட்டாவது வெடிச்சதுன்னு நியூஸ் வந்தா, வெளிய ஓடியாந்து, உசுரோட இருக்கேன்னு பக்கத்து வீட்டுக்கு நான் ஒரு போன் போட வேணாமா?”

இதற்கு மேல் வாதாட முடியாது. ஆனாலும் எரிச்சல் போகாது.

ரயில் நிலையத்தின் இலவச வைஃபை முதலில் போன் நம்பர் கேட்கும். கடைசியில் சாத்தூரில் ஒரு நூலகத்தில் பாஸ்வேர்டு கிடைத்தது. அங்கே உட்கார்ந்து நாலு நாளாக விண்ணப்பத்தை நிரப்பினேன். போட்டோ பெரிது என்றது. சுருக்கினால் மங்கல் என்றது. கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு ஒருவழியாகச் ‘சமர்ப்பி’யை அழுத்தினேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

பதிவு செய்த எண் அம்மாவுடையது. பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லாப் படிவத்திலும் அதைத்தான் கொடுத்து வந்தேன். விரல் பழக்கத்தில் இதிலும் அதையே அடித்திருக்கிறேன். கணிதப் பட்டதாரி! மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். அம்மா வீடு திரும்ப ஆறாகும்.

பஸ் பிடித்துக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“டோக்கன் இல்லாம போனத் தர முடியாது, தாயி.”

“டோக்கன் எங்கம்மாகிட்ட இருக்குண்ணே. கொஞ்சம் கூப்பிடுங்களேன்.”

“வெடிமருந்து வேலை நடக்குற எடம். சோத்து மணி அடிக்கட்டும்.”

“இன்னும் எம்புட்டு நேரம்?”

“இப்பத்தான வந்தீக? அதுக்குள்ள எம்.எஸ்ஸி.யே முடிக்கணுமாக்கும்!”

மணி அடித்ததும் அம்மா வந்தார். முழங்கை வரை வெள்ளிப் பொடி. என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

“வீட்டுல யாருக்கு என்னட்டி?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ஓடிபி.”

“சீ, மூதி! என் உசுரே போயிருச்சு.”

கையைக் கழுவிவிட்டுப் போனை வாங்கினார். வாசல் பக்கத்தில் அதை ஆன் செய்யக் கூடாது. ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அதில் ஹாட்ஸ்பாட் போட்டு, என் போனில் விண்ணப்பத்துக்குள் மறுபடி முதலிலிருந்து நுழைந்தேன். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னலுக்காக அம்மா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். முதல் ஓடிபியை நான் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. “இவனுகளுக்கு அப்படி என்ன அவசரம்?” என்றார் அம்மா. இரண்டாவதை அவரே ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

அதற்குள் வேலைக்கு மணி அடித்துவிட்டது. அம்மா சோற்றுத் தூக்குவாளியைத் திறக்காமலே போனை அணைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். ஆறு எண்களுக்காக என் அம்மா பட்டினியோடு மருந்து அறைக்குப் போனார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகச் சிம் கடைக்குப் போனேன். என் ஆதார், என் கைரேகை, என் பெயர். விண்ணப்பக் கணக்கில் எண்ணை மாற்றப் போனால், அதற்கும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வருமாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நகரவிடாமல் பக்கத்தில் உட்காரவைத்து மாற்றி முடித்தேன்.