வாசலில் வைத்த பதிவேடு

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து, நண்பர்களோடு மலேசியாவின் கிள்ளான் நகரத் திடலில் நடந்த ராக் இசைவிழாவுக்குப் போனேன். வாசலில் பெயர் எழுதச் சொன்னார்கள். திடல் அனுமதியில் அப்படியொரு விதியே கிடையாது. நகராட்சி அலுவலகத்தில் அந்த அனுமதிகளை எழுதும் குமாஸ்தா நான்தான். பட்டியல் போலீசுக்குத்தான் போகும் என்று சந்தேகித்தேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"எழுதித் தொலைடா, பின்னால கியூ நிக்குது லா!" என்றான் நண்பன்.

எங்கள் தலைமைக் குமாஸ்தாவின் பெயரை எழுதினேன்.

அது அதிர்ஷ்டக் குலுக்கலுக்கான பதிவேடாம். மேடையில் அந்தப் பெயரையே அழைத்தார்கள். கூட்டத்திலிருந்து அவரே எழுந்துபோய், தான் எழுதாத பெயர் எப்படி வந்ததென்று பதிவேட்டைப் புரட்டினார். என் கையெழுத்தைத் தினமும் திருத்துபவர்.

திங்களன்று அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அவர் உடம்பு சரியில்லையென்று எம்சி விடுப்பு போட்டிருந்தார். அந்த வாரமே என்னை நிரந்தரமாக்கப் பரிந்துரைத்தார்.