துணிக்குப் பின்பக்கம்

கொடியில் தொங்கும் ஈரப் போர்வையின் வாசம் வந்தால், பிள்ளைகளே, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானமும், அங்கே படம் காட்ட நனைத்துக் கட்டிய வெள்ளைத் துணியும், மைன்ஸ் இரைச்சலுக்கு நடுவே துணியின் பின்பக்கம் புல்லில் உட்கார்ந்திருக்கும் என் ஸ்டெல்லா அக்காவும் நினைவில் எழுவது வழக்கம்.

பின்னாலிருந்து பார்த்தால் படத்தின் எழுத்தெல்லாம் கண்ணாடியில் போலத் திரும்பித் தெரியும்; ஆனாலும், முன்பக்கம் இடமிருந்தும் அக்கா வரமாட்டாள். "முன்னாடி போலாம்க்கா" என்று இழுத்தாலும், "நீ சும்மா குந்துடா" என்பாள்.

அவள் இடது கைக்காரி. "பீச்சாங்கையால எழுதாதடி, சோத்துக் கையால எழுது" என்று அம்மா ஸ்கேலால் தட்டித் தட்டி, அந்தக் கையின் விரல் முட்டி எப்போதும் சிவந்திருக்கும்.

அங்கே அடிக்கடி போட்ட படம் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வருவாள். பொய் சொல்வாள், சிநேகிதியின் பேனாவையே திருடுவாள். அதே சிநேகிதியை வாத்தியார் அடிக்கும்போது பிரம்பைப் பிடுங்கி வீசுவாள்.

"அவ திருடிக்கா."

"திருடிதான். பயந்துகினா நிக்கிறா? எந்தக் கையால வீசுறா பாரு!"

இடது கை.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். மைதானத்தில் முள் மண்டிவிட்டது. கல்யாணமாகிப் போன அக்கா இன்று எல்லாவற்றையும் வலது கையால்தான் செய்கிறாள்.

நேற்று என் மகள் போனில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரம்பை வீசியது வலது கை. மனசு கேட்காமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்தப் பொண்ணு வலது கைக்காரிக்கா."



"தெரியும்டா. அதான் பின்னாடியே குந்திகினு இருந்தேன்."