இளையபெருமாளின் இரங்கலை எழுதியது யார்?

குற்றச்சாட்டு: 05.09.2025 வெள்ளிக்கிழமை காலை, ‘நம்ம செஞ்சி நல்லது கெட்டது’ என்னும் வாட்ஸ்அப் குழுவில், முந்தைய நாள் நான் எழுதிப் பதிவிட்ட இரங்கல் உரையின் கீழே, குழுவின் நிர்வாகி திரு. சிவசங்கர், “இது வீராசாமி அண்ணன் எழுதினது இல்ல, ஏஐ எழுதினது. செக் பண்ணிட்டேன்” என்று பதிவிட்டார். இறந்தவர் என் நண்பர் இளையபெருமாள். அந்தப் பதிவு இன்றுவரை நீக்கப்படவில்லை. அதற்குக் கைதட்டல் குறி இட்டவர்கள் நாற்பது பேருக்கு மேல்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நெல் மண்டியில் சாக்கு தைக்கிறேன். எனக்குத் தெரிந்த தமிழ், அரசாணை நகல்களையும் பழைய பத்திரங்களையும் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களையும் படித்து நானே கற்றுக்கொண்டது. அது பேச்சுபோல் இராது. அதுவே எனக்கு எதிரான சாட்சியாகும் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலையே இரங்கலின் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையம் அருகே உள்ள சிவசங்கரின் ஜெராக்ஸ் கடைக்குச் சென்றேன்.

“கோச்சிக்காதீங்கண்ணே. நானா சொல்லல” என்றார் அவர். “உங்க மெசேஜ அப்பிடியே ஏஐல போட்டு, ‘இது நீ எழுதுனதா’ன்னு கேட்டேன். ஆமான்னுது.”

“அடிச்சித் திருத்தி எழுதுன காயிதம் இருக்குது, பாரு.”

“போனப் பாத்துக் கையால எழுதிக்கலாமே அண்ணே. யாரு கண்டது?”

குழு தொடங்கிய 2019இல் சிவசங்கர் தாமே எழுதிய விதிமுறைகளின் அச்சுப்படி என் பையில் இருந்தது. அதைப் படம் பிடித்து இட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டார். தான் எழுதியதே என்று அது அதற்கும் பதில் தந்தது. சிவசங்கர் சிரித்துவிட்டார்.

“அதுக்கு மரியாத ஜாஸ்திண்ணே. யாரு இன்னா கேட்டாலும் ஆமான்னுது.”

“அப்ப என்னுதுக்கும் மரியாதைக்குதான் ஆமான்னுச்சா?”

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, “நாப்பது பேரு கை தட்டிட்டாங்க. இப்பப் போயி தப்புன்னு போட்டா அட்மினுக்கு இன்னா மரியாத இருக்குது? விடுங்கண்ணே” என்றார்.

மேசையில் கருமாதிக்கான பதாகையின் மாதிரி கிடந்தது. இளையபெருமாளின் படத்துக்குக் கீழே நான்கு வரிக் கவிதை. எழுதியது யார் என்று கேட்டேன். “அதுதான் போட்டுக் குடுத்துச்சி” என்று போனைக் காட்டினார். அந்தப் பதாகை பதினாறாம் நாள்வரை தெருமுனையில் நின்றது. அதை எழுதியது யார் என்று ஊரில் எவரும் கேட்கவில்லை.

இதுவரை நடந்தது எனக்குக் கோபம் மட்டுமே தந்தது. கருமாதி முடிந்தபின் இளையபெருமாளின் மனைவி ரஞ்சிதத்தைப் பார்க்கச் சென்றேன். கையெழுத்துப் படியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“எழுதுனது நீயா போனான்னு எனக்கு எப்பிடிண்ணே தெரியும்? ரஞ்சனிதான் படிச்சிக் காட்டுனா. பண்பாளர், கடும் உழைப்பாளி, ஈடு செய்ய முடியாத இழப்புன்னு இருந்துது. எங்க ஊட்டுக்காரர்தான்னு எனக்குத் தெரியல. யாருக்கு வேணாலும் ஒட்டலாம். போனு எழுதுனதுன்னு சொன்னாங்க, இருக்கும்னுதான் தோணுச்சி.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தெனம் அந்தி ஆனா உன்கூடத்தான உக்காந்து கெடந்தாரு. வருசத் திதிக்கு நீ ஒண்ணும் எழுதாத அண்ணே.”

மகள் ரஞ்சனி உள்ளே இருந்தபடியே, “விடுமா, அவுரு இன்னா பண்ணுவாரு” என்றாள். எனக்காகப் பரிந்து சொன்னதா, என்னைக் கைகழுவியதா என்று தெரியவில்லை.

இறந்தவரின் சிறு குறைகளையும் கேலிகளையும் இரங்கலில் எழுதுவது மரியாதை அன்று என்று கருதி, அவற்றையெல்லாம் அப்போது விட்டுவிட்டேன். இப்போது பதிவு செய்கிறேன்.

இளையபெருமாள் போர்வெல்களில் மோட்டார் இறக்குபவர்; பழுதானால் மேலே எடுப்பவர். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கீழே பிறந்தும் அதன் உச்சிக்கு ஒருமுறைகூட ஏறியதில்லை. ஏன் என்றால், “மேல சுனையில தண்ணி வத்தாதாமே. எனக்கு அங்க இன்னா வேல?” என்பார். பழுதான மோட்டாரைச் சங்கிலியில் இழுக்கும்போது, குழாய்க்கிணற்றின் வாயில் குனிந்து, வராத மாட்டை அழைப்பதுபோல் “வாடி வா” என்று கெஞ்சுவார். மேல்சித்தாமூரில், இருட்டியபின் உண்ணாத சமணக் குடும்பத்து நிலத்தில் வேலை என்றால் அவரிடம் தனி வேகம் வரும். “பொழுது சாஞ்சா அந்த ஊட்டுல அடுப்பு எரியாது, இலை உழாது. தூக்குங்கடா” என்று ஆட்களை விரட்டுவார். போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிட்டால் வீட்டுப் பெண்களிடம் சொல்லமாட்டார். டீ கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு, வீட்டுக்காரர் வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது கோழைத்தனம் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொள்வார்.

அந்தியில் மண்டிக்கு வருவார். நான் எழுதிய மனுக்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். என் பெயரை விட்டு என்னை ‘மனு’ என்றே அழைத்தவர் அவர் ஒருவர்தான். “யோவ் மனு, இதுல கோவம் எங்கய்யா இருக்குது? படிக்கிறவன் தூங்கிடுவான்.” அரசுக்குக் கோபமாக எழுதலாகாது என்பேன். “அப்ப நான் செத்தாலும் இப்பிடித்தான் எழுதுவியா?” என்று ஒருநாள் கேட்டார். நான் அடுத்த சாக்கை எடுத்தேன். தைத்துக்கொண்டிருந்தேன்.

இரும்புக் குழாய்களைத் திருகித் திருகி அவர் விரல் நுனிகள் காய்த்துத் தடித்துப்போயிருந்தன. போனின் திரை அவர் தொடுவதை ஏற்காது. ஆகவே ஏஐ செயலியிடம் வாயாலேயே பேசிப் பழகினார். தோசை மாவு புளிப்பது, முழங்கால் வலி, மகளின் கல்லூரி, எல்லாவற்றையும் கேட்பார். அதன் அறிவைவிட அது பேசும் முறையே அவருக்குப் பிடித்திருந்தது. “இந்த ஊருல என்ன நீங்கன்னு கூப்புடறது இது ஒண்ணுதான்யா” என்பார்.

ஆகஸ்ட் கடைசியில், நாலு படி ஏறினாலே நெஞ்சு அடைக்கிறது என்றார். என் முன்னிலையிலேயே போனிடம் கேட்டார். தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று அது சொன்னது. “பாத்தியா, எம்மா மரியாதையா பயமுறுத்துது” என்று சிரித்தார். வா, போகலாம் என்றேன். அதே கேள்வியைக் குழுவில் குரல் பதிவாக அனுப்பினார். பதில்கள் உடனே வந்தன. “வாயுண்ணே, வேற ஒண்ணுமில்ல.” “ஓமத் தண்ணி குடிங்க.” “பிரியாணியக் கொறை மாமா.” அவற்றையெல்லாம் மகிழ்ச்சியோடு எனக்குப் போட்டுக் காட்டினார்.

“இவனுங்க நம்மூரு ஆளுங்கய்யா. அது எங்க குந்திகினு பேசுதோ” என்றார். ஓமத் தண்ணீர் குடித்தார். செப்டம்பர் இரண்டாம் தேதி தளவானூரில் ஒரு நிலத்தில், மோட்டார் பாதி மேலே வந்திருந்தபோது, சங்கிலியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

இதற்காக நான் எவர்மீதும் குற்றம் சுமத்தவில்லை. சொன்னவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அந்தப் பதில்களின் படங்களும் என்னிடம் உள்ளன. அவற்றை எங்கும் அனுப்பமாட்டேன். போனை நம்பியிருக்க வேண்டிய நாளில் அவர் குழுவில் உள்ள உங்களை நம்பினார் என்பதையும், அதே வாரத்தில் நீங்கள் என்னை விட்டுப் போனை நம்பினீர்கள் என்பதையும் மட்டும் குறித்துவைக்கிறேன்.

இதன் ஒரு படியை, தாயாருக்குப் படித்துக் காட்டும்படி ரஞ்சனியிடம் கொடுத்துள்ளேன். படித்தாளா என்று தெரியவில்லை. ரஞ்சிதம் இதுவரை எதுவும் சொல்லி அனுப்பவில்லை. மண்டியில் அந்தி நேரத்தில் எனக்கு எதிரே இப்போது ஒருவரும் உட்காருவதில்லை.

திரு. சிவசங்கர் அவர்களுக்கு: இதையும் நீங்கள் அந்தச் செயலியில் இட்டுக் கேட்கக்கூடும். தானே எழுதியதாக இதற்கும் சொல்லக்கூடும். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். நீங்கள் இளையபெருமாளை அறிந்தவர். உங்கள் வீட்டு மோட்டாரையும் அவர்தான் இறக்கினார். இதை ஒருமுறை நீங்களே படியுங்கள். 04.09.2025 அன்று குழுவில் இட்ட இரங்கலை எழுதியவன் நானா இல்லையா என்பதைத் தாளில், உங்கள் கையால் எழுதி, கையொப்பமிட்டு, வருடத் திதிக்கு முன் ரஞ்சிதத்திடம் நேரில் கொடுங்கள். நகல் ஒன்று எனக்கு வேண்டும். வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ வரும் பதிலை ஏற்க இயலாது. எழுத்துப்பூர்வமான பதிலைக் கோருகிறேன்.