தக்ஷாயினி உயர்த்தாத கொடி

சந்தையில் இரண்டு கத்தரிக்காய்களுக்கு நடுவே கால் மணி நேரம் நின்று யோசிக்கிற பெண் என்றுதான் பழுகாமம் ஊர் தக்ஷாயினியை அறியும். வயது முப்பத்தொன்று, விவசாயிகளுக்கான கமநல நிலையத்தில் எழுதுவினைஞர். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால் இவள் தன் குரலைத் தாழ்த்துவாள். இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸின் மணியை அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும்வரை இருந்து, பிறகு திரும்பி நடந்து வந்த நாட்கள் பல. அப்படிப்பட்டவள் கையில் ஒரு கொடியைக் கொடுத்து உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரக்கோட்டில் விட்டால், தொண்ணூறு நிமிடமும் தீர்ப்புச் சொல்வாள். ஒன்றையும் மாற்ற மாட்டாள்.

இது பன்னிரண்டு வருடத்துக் கதை. ஊர்க் கழகத்தின் சுற்றுப்போட்டி ஒன்றுக்கு லைன்ஸ்மன் வரவில்லை. பெண்கள் அணியில், ஆடாவிட்டால் அணிக்கு நட்டமில்லாதவள் யார் என்று தேடியபோது தக்ஷாயினிக்கு ஏகமனதான ஆதரவு கிடைத்தது. முதல் பாதியிலேயே, சொந்த மச்சான் சுதாகரன் அடித்த கோலுக்கு ஓப்சைட் என்று கொடியை உயர்த்தினாள். அவன் ஏசினான், கூட்டம் ஏசியது, கோல் மட்டும் கோலாகவில்லை. வாயே திறக்காமல் இருபத்திரண்டு பேரை நிறுத்தலாம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு நடுவர் பரீட்சைகள் ஒவ்வொன்றாக எழுதினாள். அறுவடை முடிந்த வட்டையில் பக்கவாட்டில் ஓடிப் பழகினாள். வெட்டிய வயலில் ஒரு பெண் நண்டு போல ஓடுவதைப் பார்த்து மாடு மேய்ப்பவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தாய் இராசாத்திக்கு வேறு கவலை.

"நேரா ஓடத் தெரியாத புள்ளைய ஆருகா கட்டுவான்?"

இவ்வருடம் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தெற்காசியப் போட்டி கொழும்பில் நடந்தது. நான்கு நாடுகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் மோத, முதல் இரண்டு இடங்களும் இறுதியாட்டத்துக்கு. பழுகாமத்திலிருந்து இரண்டு பேர் போனார்கள்: இலங்கை அணியின் கோல் காப்பாளர் தனுஷியா, லைன் நடுவர் தக்ஷாயினி. சந்தியில் கட்டிய பதாகையில் தனுஷியா ஆளுயரத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தாள். தக்ஷாயினி மூலையில், அடையாள அட்டைப் படத்தோடு, பதாகை அடித்த கடையின் விளம்பரம் போலத் தெரிந்தாள்.

இலங்கை தன் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டது. கடைசி ஆட்டம் நேபாளத்துக்கும் பூட்டானுக்கும். நேபாளம் வென்றால் நேபாளம் இறுதிக்கு, வெல்லாவிட்டால் இலங்கை. இலங்கை ஆடாத ஆட்டம் என்பதால் அதற்கு இலங்கைக்காரி கொடி பிடிக்கலாம் என்பது விதி. மைதானம் நிறைய இருந்தவர்கள் இலங்கையர்கள். அவர்கள் அன்று ஒரு நாள் பூட்டானியர்கள்.

எண்பத்தெட்டாவது நிமிடம்வரை கோல் இல்லை. மழை பெய்து புல் வழுக்கியது. நேபாளத்தின் பந்து ஒன்றைத் தடுக்கச் சறுக்கிய பூட்டான் பிள்ளை, பந்தைத் தொடாமலே கோல் கம்பத்தைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள். பந்து இன்னொரு நேபாளக்காரியிடம் போனது. அவள் முன்னால் நின்ற தோழிக்குத் தட்ட, தோழி உள்ளே தட்டினாள். தோழிக்கு எதிரே கோல் காப்பாளரைத் தவிர யாருமில்லை. எதிரே இரண்டு பேராவது இல்லாவிட்டால் அது ஓப்சைட்.

"ஓப்சைட்!" என்று மைதானமே எழுந்தது.

தக்ஷாயினியின் கொடி தொடையோடு ஒட்டியபடி கிடந்தது. சறுக்கி வெளியே போனவள், ஆட்டம் நிற்கும்வரை, கோட்டின் மேலே நிற்பதாகவே கணக்கு. ஆகவே எதிரே இரண்டு பேர், ஆகவே கோல். விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு பந்தி உண்டு. அதை வாசித்தவர்கள் அன்று மைதானத்தில் நான்கு பேர், நான்கு பேரும் நடுவர்கள். இலங்கை வெளியேறியது.

மறுநாள் காலை களுவாஞ்சிகுடியில் பஸ்ஸால் இறங்கியபோது சுதாகரன் ஆட்டோவோடு நின்றான். ஊர்க் குழுவில் சுற்றிய படத்தைக் கைபேசியில் நீட்டினான். யாரோ சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நேபாளக்காரி, ஒரு கோல் காப்பாளர். விழுந்து கிடந்தவள் படத்துக்கு வெளியே.

"மச்சாள், எனக்கு ஒரு சந்தேகம். எண்ட கோலுக்குத் தூக்கின கைக்கு இப்ப வாதமா?"

"வண்டிய எடுங்க மச்சான்."

"எடுக்கன். பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால ஊருக்குள்ள உன்ன விடுவாங்களோ தெரியா."

விட்டார்கள். ஆனால் பேசவில்லை. குழுவில் விளக்கம் எழுத அவள் மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் அழித்தாள். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தீர்மானிக்க முடியாதது ஒரு காரணம். ஒரு கொடிக்கு விளக்கம் சொன்னால் இனி ஒவ்வொரு கொடிக்கும் சொல்ல வேண்டிவரும் என்பது மற்றது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கழகத்துக்கும் அடுத்த ஊர்க் கழகத்துக்கும் வருடாந்த இறுதியாட்டம். பன்னிரண்டு வருடமாக அதில் அவள்தான் கொடி. அவளை மாற்றப் போகிறார்கள் என்று இராசாத்தி கிணற்றடியில் கேட்டுவந்தாள். அந்தக் கொடியும் போனால் தனக்கு மிஞ்சுவது கத்தரிக்காய் மட்டும்தான் என்று தக்ஷாயினிக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை தனுஷியா வந்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் அந்தக் கோலுக்குப் பின்னாலதான் இருந்தனான். அந்தப் புள்ள எண்ட காலடியிலதான் வந்து விழுந்தது."

"அப்ப உனக்குத் தெரியும்."

"ஓம்."

"ஒருத்தருக்கும் சொல்லல்லையா?"

"சொல்லல்ல. எனக்கும் உங்கள ஏசணும் போலதான் இருந்தது. சொன்னா மறுகா எப்பிடி ஏசுற?"

தக்ஷாயினிக்குச் சிரிப்பு வந்தது. கொழும்பிலிருந்து வந்தபின் முதல் தடவை.

சனிக்கிழமை மாலை கழகத் தலைவர் சீனித்தம்பி படலையடியில் சைக்கிளை நிறுத்தினார், இறங்கவில்லை.

"புள்ள, ஒன்ன மாத்தச் சொல்லி எங்கிட ஆக்கள் நிண்டாங்க. சரியெண்டு மத்தக் கழகத்துக்குச் சொல்லி அனுப்பினன். அவங்க சொல்றாங்க, தக்ஷாயினி இல்லாட்டி விளையாட வரமாட்டாங்களாம். சொந்த நாட்டுக்கே தூக்காதவள் பழுகாமத்துக்காகவா தூக்கப்போறாள் எண்டு கேக்காங்க."

"எங்கிட ஆக்கள்?"

"அவங்களும் யோசிச்சுப் பாத்தாங்க. மத்தப் பக்கத்துக்கும் நீ தூக்க மாட்டாய்தானே."

"அப்ப நான் காட்டினது சரியெண்டு..."

"ஆரு சொன்ன சரியெண்டு? பிழைதான்!" என்றார் சீனித்தம்பி. "ஆனா ஆருக்காகவும் விட்ட பிழை இல்ல. நாளைக்கு மூண்டரைக்கு வா."

இரண்டு ஊர்களும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் தடவை. அவள் பிழை செய்தாள் என்பதில்தான் அந்த ஒற்றுமை.

ஞாயிறு பத்தாவது நிமிடத்தில் பழுகாமம் ஒரு கோல் அடித்தது. கொடி உயர்ந்தது. முதலில் ஒருவரும் ஏசவில்லை. இனித் தன்னை ஏசக்கூட மாட்டார்களோ என்று தக்ஷாயினிக்குத் தோன்றியது. பிறகு சுதாகரன் ஆட்டோவின் மேல் ஏறி நின்று கத்தினான்.

"கொழும்பில தூக்காத கொடிய இஞ்ச கொண்டுவந்து தூக்குறாளே, படுபாவி!"

அவனைத் தொடர்ந்து ஊர் முழுவதும் ஏசியது. வழக்கமான ஏச்சு, பழகிய சொற்கள், பன்னிரண்டு வருடமாகக் கேட்ட அதே குரல்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தனுஷியாவும் கையைக் குவித்து வைத்துக்கொண்டு ஆசை தீர ஏசினாள்.

தக்ஷாயினி கொடியைத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஓடத் தொடங்கினாள்.