பியானோவுக்குக் கீழே

ரொறன்ரோ. நிலக்கீழ் அறையொன்றில் ஒரு ஜாஸ் குழு தனது இரண்டாவது இசைத்தட்டைப் பதிவு செய்கிறது. டிரம்ஸ் வாசிப்பவன் என் சித்தியின் மகன் ரமணன். போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் மூலையில் இருக்கிறேன். ஜன்னலே இல்லை. இந்தத் தடித்த கதவுக்குப் பின்னால் பொம்மர் விமானம் வந்தாலும் கேட்காது.

பியானோக்காரர் ரமணனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார். எனக்கு 'பொம்', குண்டு, என்ற ஒரு சொல் மட்டும்தான் விளங்குகிறது. மறுகணம் பியானோவுக்குக் கீழே குப்புறக் கிடக்கிறேன்.

ரமணன் குனிகிறான். "எழும்புங்கோ அண்ணை. நினையாத இடத்தில பெரிய டிரம்மை அடிக்கிறதை நாங்கள் உப்பிடித்தான் சொல்லுறது."

"எப்ப அடிப்பாய்? முன்னமே சொல்லு."

"சொன்னால் அது பொம் இல்லையே அண்ணை."

அது எனக்கும் தெரியும். சிவப்பு விளக்கு எரிகிறது, வாசிக்கத் தொடங்குகிறார்கள். நான் இன்னும் எழும்பவில்லை.