மாத்திரை போட்டு இழுக்கணும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் கணவரும் அதைத்தான் சொல்வார், என் அக்காவும் அதைத்தான் சொல்வாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எங்கள் வீட்டுச் சண்டை எதுவாக இருந்தாலும் கடைசியாகப் பேசியவள் நானாகத்தான் இருப்பேன். அவருக்கு இளைப்பு வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அரியலூரைத் தாண்டிப் போகிற சாலையில் அவருக்குப் பஞ்சர் கடை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் பொழுது விடிந்ததிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். கடைப் பலகை, டயர், அவர் புருவம் என்று எல்லாவற்றிலும் வெள்ளையாகத் தூசி படியும். டியூபுக்கு ஒட்டுப் போடும்போது கிளம்புகிற ரப்பர் புகை வேறு. போதாததற்குப் பதினெட்டு வயதிலிருந்து பீடி.

"ஊரு லாரிக்கெல்லாம் காத்து அடிக்கிறீங்க, உங்க நெஞ்சுல காத்து இல்லையே" என்று கேலி செய்வேன். கொஞ்ச நாளில் கேலி செய்கிற கட்டமெல்லாம் தாண்டிப் போய்விட்டது. லாரி டயரைக் கடை வரைக்கும் உருட்டி வருவதற்குள் இரண்டு முறை நின்றார். குளித்துவிட்டுத் துண்டைப் பிழிவதற்கே மூச்சு வாங்கியது. பேசினால் பாதியில் நிறுத்துவார், வாயைத் திறந்து காற்றை வாங்குவார், மீதியைப் பிறகு சொல்வார். இந்த மனுஷன் என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

அக்கா பெரம்பலூரில் இருக்கிறாள். அவள் சொன்ன டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள்.

"மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு. பீடியும் தூசியும் சேர்ந்து பண்ணுன வேலை. போன நுரையீரல் முழுசாத் திரும்பாது. ஆனா பீடிய இன்னிக்கே விட்டு, மருந்த ஒழுங்கா எடுத்தா நல்லா நடமாடலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து பாதிக் கட்டுப் பீடியை எடுத்து வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். "அவ்ளோதான் புள்ள" என்றார்.

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மருந்து வாங்கப் போனேன். ஒரே கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு டப்பா மாத்திரையும், கூடவே ஒரு பிளாஸ்டிக் மிஷினும் எடுத்து வைத்தாள். மிஷின் விரல் நீளம்தான் இருக்கும், ஒரு முனையில் விசில் மாதிரி வாய்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மாத்திரையப் போட்டு இழுக்கணும். புரியுதாக்கா?"

பின்னால் இருந்தவர் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தார். "புரியுது" என்றேன். பத்தாவது படித்தவளுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? முதலில் மாத்திரை போட வேண்டும், அப்புறம் மிஷினை இழுக்க வேண்டும். மாத்திரையை வாயில் போடாமல் வேறெங்கே போடுவார்கள்?

மறுநாளிலிருந்து அது என் பொறுப்பாயிற்று. அவர் இட்லி சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் வைப்பேன், பக்கத்தில் வெந்நீர். அவர் விழுங்குவார். பிறகு மிஷினை வாயில் வைத்துக் கன்னம் ஒட்ட ஒட்ட இழுப்பார். உள்ளே வெறும் காற்றுதான் இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் அதை வாங்கித் துணியால் துடைத்து, சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

ஒரு மாதம் ஆயிற்று. இளைப்பு குறையவில்லை. இன்னொரு பதினைந்து நாள் போனது. கூடத்தான் செய்தது. மருந்து தவறாமல் போகிறது, நான்தானே கொடுக்கிறேன். அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. பீடி என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், "இழுத்தீங்களா?" என்பேன். "இல்ல புள்ள" என்பார். சட்டையைத் துவைக்கப் போடும் முன் மோந்து பார்ப்பேன். ரப்பர் புகைதான் அடிக்கும். ஆனால் சந்தேகம் வந்த மூக்குக்கு எல்லாமே பீடிதான். டீக்கடையில் நாலு பேர் புகைக்கிறார்கள் என்று அந்தப் பக்கமே அவர் போகாமல் இருந்திருக்கிறார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனேன். அவர் கம்பிரஸரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் ஒருவரும் கிளீனரும் அங்கே இருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இழுத்துட்டு வந்து நிக்கிறீங்களா?"

"என் தலைல அடிச்சு... சத்தியமா... இல்ல..."

"பொய்யக்கூட மூச்சு விட்டு விட்டுத்தான் சொல்ல முடியுது, பாருங்க" என்றேன்.

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், முடியவில்லை, கையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன். பத்து நாள் அவரோடு பேசவில்லை. தட்டை ணங்கென்று வைப்பேன், மாத்திரையை மட்டும் மறக்காமல் வைப்பேன். அவரும் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினார்.

மறுபடியும் பெரம்பலூர் போனபோது பஸ் நிறுத்தத்திலிருந்து டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு, மருந்து எப்படி எடுக்கிறார் என்று பார்க்கச் சொன்னார்.

"ஐயா, வூட்ல எப்படி எடுப்பீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

அவர் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணிக்காக என் பக்கம் கையை நீட்டினார். நானும் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"ஐயோ, முழுங்கிடாதீங்க!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத மிஷினுக்குள்ள போடணும்யா. யாரு முழுங்கச் சொன்னது?"

நான் பாட்டிலை மூடினேன். அவர் மாத்திரையைக் கையில் துப்பிக்கொண்டு, "நாந்தாம்மா தப்பாக் கேட்டுக்கிட்டேன்" என்றார். மருந்து வாங்கிய அன்றைக்கு அவர் கவுண்டர் பக்கமே வரவில்லை.

அவள் மிஷினுக்குள் புது மாத்திரையைப் போட்டுத் திருகினாள். உள்ளே மாத்திரைக் கூடு உடைகிற சத்தம் கேட்டது; அதிலிருக்கிற பொடியைத்தான் இழுக்க வேண்டுமாம். மூச்சை முழுசாக வெளியே விட்டு, வாயில் வைத்து வேகமாக இழுத்து, பத்து எண்ணுகிற வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளிக்கச் சொன்னாள். அவர் இழுத்தபோது மிஷின் கிர்ரென்று அடித்தது. இத்தனை நாள் அது சத்தம் போட்டதே இல்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் நீளமான வாய் அன்றைக்குத்தான் எனக்கு உதவாமல் போனது.

மூன்று வாரத்தில் துண்டை அவரே பிழிந்து உதறிக் காயப்போட்டார். கடையில் முகத்துக்கு மாஸ்க் போடுகிறார், ஒட்டுப் போடுகிற அடுப்பை வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டார். மாடிப்படி இன்னும் கஷ்டம்தான். ஆனால் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒரு சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும், டயர் விலையைப் பற்றியும் மழை வராததைப் பற்றியும் பேசிக்கொண்டே நடந்தார். நடக்கவும் பேசவும் சேர்ந்தாற்போல அவருக்கு மூச்சு இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் வந்து நின்றதும் கேட்டேன். "ஏங்க, உங்கள நம்பாம என்னென்னவோ பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. ஒண்ணு சொல்லுங்க. அத்தன நாளா ஒரு பிரயோசனமும் இல்லாம அந்த மாத்திரைய முழுங்குனீங்களே, ஏதோ தப்பா இருக்குன்னு ஒரு தடவகூடத் தோணலையா?"

அவர் என்னைப் பார்த்தார். நடுவில் எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னார்.

"நீ எடுத்துக் குடுத்தது புள்ள, அதுல நான் என்னத்தப் பாக்குறது."