யாரோ வெட்டிய புல்

மரியநாயகம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் கண்டிக்கு வந்து மாநகர சபையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். இப்போது ஐம்பத்தாறாகிறது. வீடுகளின் முதுகுப்பக்கமாக மலைச்சரிவில் ஏறி இறங்கும் சந்துகள்தான் அவருடைய பங்கு. புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு சந்துக்கும் போவார். மழைத்தண்ணி ஓடும் கானை அடைத்த சருகை வாருவார், பெயர்ந்த படியைச் சரிசெய்வார். வீட்டின் முன்பக்கத்தை எல்லாரும் அழகாகத்தான் வைத்திருப்பார்கள். குப்பைப் பையைப் பின்னால் எறிகிறவர் யார், கழிவுக் குழாயைக் களவாகக் கானுக்குள் திருப்பியவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, யாரையும் சட்டென்று நம்பமாட்டார்.

ஒருநாள் காலை தாஸிம் ஹாஜியாரின் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் இறங்கியபோது, புல் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. சந்து முழுவதும் அல்ல; ஹாஜியாரின் மதிலோரம் மட்டும், இரண்டடி அகலத்துக்கு, சவரக்கத்தியால் வழித்ததுபோல.

மரியநாயகத்துக்குச் சுருக்கென்றது. சபை ஆள் வெட்ட வேண்டிய புல்லை எவன் சும்மா வெட்டுவான்? மேலே இன்னொரு சந்தில் இப்படித்தான் தொடங்கினார்கள். முதலில் புல்லை வெட்டினார்கள், பிறகு நாலு குரோட்டன் செடி நட்டார்கள். அதன்பின் கம்பி வந்தது, கம்பியைத் தொடர்ந்து மதிலும் வந்தது. இன்றைக்கு அந்தச் சந்தால் ஒரு சவப்பெட்டியை ஒழுங்காகத் தூக்கிப் போக முடியாது.

சந்தின் மற்றப் பக்கத்து வீடு ரொனியுடையது. மரியநாயகம் போகும் அதே மாதா கோயிலுக்குத்தான் ரொனியும் வருவார். எப்போது போனாலும் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்.

"பார்த்தீங்களா, நாயகண்ணே," என்றார் ரொனி, குரலைத் தாழ்த்தி. "நான் ஒன்னும் சொல்லல்ல. ஆனா ஹாஜியார் விடிஞ்சதும் கத்தியோட நிக்கிறாரு. மிச்சம் ஒங்களுக்கே வெளங்கும்."

"வெளங்குது."

"மறந்துடாதீங்க, அந்தச் சூரியகாந்திப் பத்தைய மட்டும் வெட்ட வேணாம். மாதா பீடத்துக்குப் பூ எடுக்கிறோம்."

ரொனியின் வேலியோரம் காட்டுச் சூரியகாந்தி ஆளுயரத்துக்குப் புதராக மண்டியிருந்தது. ஆறு சுற்றாக மரியநாயகம் அதைத் தொடவில்லை. மாதாவுக்குப் போகும் பூவை வெட்டுவானேன்?

அடுத்த சுற்றில் ஒரு கயிறு கொண்டுபோனார். ஹாஜியாரின் மதிலோரம் எல்லைக்கல் பளிச்சென்று தெரிந்தது. குனிந்து கயிற்றைப் பிடித்தபோது மாடி ஜன்னல் திறந்தது.

"என்னத்த அளக்குற?" என்று ஹாஜியார் கேட்டார்.

"சும்மா பாக்கிறேன், ஹாஜியார்."

"சும்மா பாக்க கயிறு என்னத்துக்கு?"

ஜன்னல் சாத்தப்பட்டது. ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் நிழல் நின்றுகொண்டே இருந்தது.

நாலாம் நாள் சபை ஓவர்சியர் கூப்பிட்டார். புல் வெட்ட அனுப்பினால் காணி அளக்கிறாயாமே, யாருக்காக அளந்தாய் என்று கேட்டார். ஹாஜியார் எழுத்தில் முறையிட்டிருந்தார். முப்பது வருசத்துக்கு மேல் உழைத்தவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. களவெடுக்கிறவன் முந்திக்கொண்டு கத்துகிறான் என்றுதான் நினைத்தார்.

அன்று பின்னேரம் மனைவி பியட்றிஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்தாள். பிறகு சுளகை மடியில் வைத்தாள்.

"மாதா பீடத்துக்குப் பூ எடுக்கிறாங்கன்னு யாரு சொன்னது?"

"ரொனி தான்."

"பீடத்துல பூ வைக்கிறது நானு. இந்த வருசம் ஒரு சூரியகாந்தியக்கூட நான் அங்க காணல்ல."



மறுநாள் முதல் வேலையாக அந்தச் சந்துக்குத்தான் போனார். தேத்தண்ணிக்குக் கூப்பிட்ட ரொனிக்குப் பதில் சொல்லாமல் மெஷினை முடுக்கி, நேரே பத்தைக்குள் இறங்கினார். தண்டுகள் சடசடவென்று சாய்ந்தன. மூன்றாவது வீச்சில் தகடு எதிலோ மோதிப் பொறி பறந்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் விலக்கிப் பார்த்தார். சீமெந்து அத்திவாரம். ரொனியின் வேலியிலிருந்து நாலடி தள்ளி, சந்துக்குள்ளேயே ஓடியது. பிடுங்கிய எல்லைக்கல்லை அதன் விளிம்பில் புதிதாக நட்டிருந்தார்கள்.

"அண்ணே, நாம ஒரே கோயில் சனம்," என்றார் ரொனி, வேலிக்கு உள்ளிருந்து. "பேசித் தீத்துக்குவோம்."

சத்தம் கேட்டு ஹாஜியார் புல்வெட்டும் கத்தியோடு இறங்கி வந்தார். அத்திவாரத்தையும் மரியநாயகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் நான் என்ட பக்கத்த வெட்டி வெச்ச," என்றார். "ஒரு கல்லாவது தெரிஞ்சா, அதிலிருந்து மத்தப் பக்கத்த அளக்கலாம் தானே."

"அப்ப ஏன் என்னயப் பத்தி எழுதினீங்க?"

"நீங்க அங்க தேத்தண்ணி குடிக்கிற. இந்தப் பத்தைய மட்டும் வெட்டாம விட்டுட்டுப் போற. நான் வேற என்னத்த நெனக்கிற?"



அன்றே மரியநாயகம் ஓவர்சியரிடம் போய், பத்தையை இத்தனை சுற்றாக விட்டுவைத்தது தானே என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நில அளவையாளர் வந்து அளந்தார். அடுத்த மாதம் அத்திவாரத்தை உடைத்தார்கள். ரொனியின் மனைவி ஜெஸ்மின், பூசை முடிந்து வெளியே வந்த பியட்றிஸை மறித்து, "சொந்தச் சனத்தயே காட்டிக்குடுத்துட்டாரே ஒங்க வீட்டுக்காரர்," என்றாள். பியட்றிஸ் நின்று கேட்டுவிட்டு, "நாயமா நடந்திருந்தா காட்ட என்ன இருக்கு?" என்று சொல்லிப் படியிறங்கினாள்.

கடிதம் மரியநாயகத்தை அவ்வளவாக வருத்தவில்லை. வேறொன்றுதான் அரித்தது. பத்தையை வெட்டாமல் விடச் சொல்லி ஹாஜியார் கேட்டிருந்தால், அந்த நிமிசமே அடியோடு வெட்டியிருப்பார். அது அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

அடுத்த சுற்றில் ஜன்னலடியில் நின்று, "ஹாஜியார், நான் ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன்," என்றார்.

"நானும் ஒங்களப் பத்தி எழுதின தானே," என்றார் ஹாஜியார். கீழே வரவில்லை, ஆனால் மரியநாயகம் சந்தின் புல்லை வெட்டி முடிக்கும்வரை ஜன்னலையும் சாத்தவில்லை.